கழுத்துத் துண்டும் வலுச் சமநிலையும்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பழக்கடைக்கு மேலே, இருட்டு மாடிப்படி ஏறிப் போனால் அரசறிவியல் படிப்பிக்கிற இப்ஹாம் சேரின் டியூஷன் வகுப்பு. சேரின் முகத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் ஏறத் தேவையில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து அக்குறணை வரைக்கும் மின்கம்பத்துக்கு மின்கம்பம் போஸ்டராக ஒட்டியிருக்கிறார். பாதி முகம் மழையில் கரைந்திருக்கும். மீதிப் பாதியில் உலகத்தைப் பார்த்து இலேசாகச் சிரித்துக்கொண்டிருப்பார், உன் வண்டவாளம் எனக்குத் தெரியும் என்கிற மாதிரி.

தெரியும்தான். எந்த நாடு எந்த நாட்டோடு எதற்கு முறைத்துக்கொண்டது, எந்தக் கடலில் யாருடைய கப்பல் யாருக்கு முன்னால் மூக்கை நீட்டியது, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். வீட்டில் சமையல் காஸ் முடிந்துபோய்க் கிடப்பது மட்டும் தெரியாது. "அப்ப இந்தத் தேத்தண்ணி எப்பிடி வந்த?" என்று கோப்பையைப் பார்த்துக் கேட்பார். "பக்கத்து ஊட்டுலேருந்து" என்பாள் மனைவி சித்தி றலியா. பக்கத்து வீடு அவளுடைய நானா ஹுஸைனின் வீடு. கூடப்பிறந்த மூத்தவர்.

சேருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு சஹன். முஸ்லிம் வீட்டு விருந்துகளில் பாய்க்கு நடுவில் வைக்கிற பெரிய வட்டத் தட்டம் அது. குவித்த சோறு, அதன் உச்சியில் முழுக்கோழிப் பொரியல், சுற்றிவர ஆறு பேர். ஆறு பேருக்கும் அந்த ஒரே தட்டம்தான். முதல் வகுப்பில் சேர் பலகையில் ஒரு வட்டம் போட்டு ஆறு புள்ளி வைப்பார்.

"பிள்ளைகள், இதுதான் உலகம். ஆறு பேர், ஆறு அரசு. சோத்துக்கு நடுவுல மதில் இருக்கா? இல்ல. ஆனா அடுத்தவன்ட பக்கத்துல கைய வெச்சிப் பாருங்க, என்ன நடக்குமெண்டு. அதுதான் இறைமை. சஹனுக்குப் பொலிஸ் இருக்கா? இல்ல. அரசுகளுக்கு மேல ஒரு அரசு இல்ல. அதுக்குப் பேர் அராஜகம். அப்ப ஏன் அடிபிடி இல்லாம சாப்பிட்டு எழும்புறோம்? யதார்த்தவாதி சொல்லுவான், எல்லாருக்கும் மத்தவன்ட கைய நெனச்சிப் பயம். தாராண்மைவாதி சொல்லுவான், பயமில்ல, ஒழுங்குமுறை; சேந்து சாப்பிட்டா எல்லாருக்கும் லாபம். இன்னொருத்தன் இருக்கான். அவன் சொல்லுவான், கோழித் துண்டுக்குத் தன்பாட்டுல ஒரு அர்த்தமும் இல்ல, நாமதான் அதுக்கு அர்த்தம் குடுக்கிறோமெண்டு."

இந்த மூன்றாவது ஆளிடம் வரும்போது சேரின் குரலில் சுரத்து இறங்கிவிடும். "அது சோதினைக்கு அவ்வளவா வராது" என்று பலகையைத் துடைத்துவிட்டு, தன் உயிருக்குயிரான யதார்த்தவாதத்துக்குப் போய்விடுவார். "கோழியப் பிச்சிப் பங்கு வெக்கிறவன் ஆரெண்டு பாருங்க. அவன்தான் வல்லரசு. ஒவ்வொருத்தனுக்கும் என்ன துண்டு விழுதெண்டு பாருங்க. அவனவன்ட எடம் அதுல தெரியும்." பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுதுவார்கள்.

இப்ஹாம் சேர் பிறந்தது கடுகண்ணாவையில், கணவாய் வளைவில் பேக்கரி வைத்திருந்தவரின் மகனாக. மகன் மாவில் கை வைக்கவில்லை, புத்தகத்தில் வைத்தார். பட்டம் எடுத்தார், கொஞ்ச காலம் அரசாங்கப் பாடசாலையில் படிப்பித்தார், பிறகு டியூஷனில் இறங்கினார். அக்குறணையில் பெண் எடுத்தார். பெண் எடுத்தார் என்பது பேச்சுக்கு. பெண் வீட்டார்தான் அவரை எடுத்தார்கள். வீடு றலியாவின் பெயரில். காணி றலியாவின் வாப்பா கொடுத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மச்சான் ஹுஸைன். கீழ்ச் சந்தியில் அவருடைய ஹார்ட்வெயார் கடை. ஆக, இறைமையைப் பற்றி இரண்டு மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் பேசுகிற மனிதர், வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பதென்றால் மனைவியைக் கேட்க வேண்டும்; ஆணி வேண்டுமென்றால் மச்சானைக் கேட்க வேண்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். சேருக்கு வாய்த்தது நல்ல விசாலமான வளைதான். தனி வளை இல்லை, அவ்வளவுதான்.

ஹுஸைன் கனத்த ஆள். பேச்சுக் குறைவு, கை பெரிது. குடும்பத்தில் எந்த விருந்தென்றாலும் கோழியைப் பிய்த்துப் பங்கு வைப்பது அவர்தான். யாரும் அவரை நியமிக்கவில்லை. வல்லரசுகளை யார் நியமிக்கிறார்கள்? கால் ஒருவருக்கு, நெஞ்சு ஒருவருக்கு, ஈரல் வயசாளிக்கு என்று வைத்துக்கொண்டே வந்து, கழுத்தைத் திருகி எடுத்து இப்ஹாமுக்கு முன்னால் வைப்பார். இன்று நேற்றல்ல, கலியாணமாகி இருபது வருடத்துக்கு மேல், சஹனுக்குச் சஹன் கழுத்து. சேர் வாய் திறந்ததில்லை. வீட்டு மாப்பிள்ளைக்கு எழுதி வைத்தது இவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு எலும்பைச் சூப்புவார்.

போன வருடம் ஊர்ப் பெரியவர் ஸமீம் ஹாஜியார் புது வீடு குடிபோன விருந்தில்தான் வினை வந்தது. சேரும் ஹுஸைனும் இருந்த சஹனில் சேரின் பழைய மாணவன் ஸைத்தும் இருந்தான். இப்போது வங்கியில் மெனேஜர், வாய்த் துடுக்கு மட்டும் வகுப்பில் இருந்ததுபோலவே. ஹுஸைன் வழக்கம்போலக் கழுத்தை வைத்ததும் ஸைத் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன சேர் இது? ஆருக்கு என்ன துண்டு விழுதெண்டு பாத்தா அவன்ட எடம் தெரியுமெண்டு நீங்கதானே படிப்பிச்சீங்க. சேருக்கே கழுத்தா?"

சஹன் முழுக்கச் சிரித்தது. பக்கத்துச் சஹனும் என்னவென்று கேட்டுச் சிரித்தது. ஹுஸைனும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் சேரின் நெஞ்சில் மீன்முள்ளாக இறங்கி நின்றது.

அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அது கோழி இல்ல றலியா. அது ஒரு செய்தி."

"கழுத்துல என்ன செய்தி ஈக்கி? அதுல சதையே இல்லையே."

"அதத்தான் நானும் செல்றேன்!"

"அப்ப நானாக்கிட்டயே கேளுங்களேன், ஏன் எனக்குக் கழுத்தே வெக்கிறீங்கெண்டு."

"கேக்கிறதா? கேட்டா நாம பலவீனமெண்டு தெரிஞ்சிபோகும். ஒரு அரசு இன்னொரு அரசுக்கிட்டப் போய், ஏன் நீ என்ன மதிக்கிறாயில்ல எண்டு கேக்குமா?"

"நீங்க அரசு இல்ல. நீங்க இன்ஷிராட வாப்பா" என்றாள் றலியா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரே மகள் இன்ஷிரா அறைக்குள்ளிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

அடுத்த நாளிலிருந்து சேர் வெளியுறவுக் கொள்கையை மாற்றினார். மச்சானைக் கண்டால் ஸலாம் உண்டு, அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்து வெளிநடப்புச் செய்தார். வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை. அதனால் திரும்ப உள்ளே வந்து, தான் வெளியேறுவதை எழுதி அறிவித்துவிட்டு, மறுபடியும் வெளியேறினார். பிறகு பொருளாதாரத் தடை. ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினார். ஹுஸைனின் கடைக்கு இப்படியொரு தடை வந்ததே தெரியாது. குளியலறைக் கதவின் கொண்டி உடைந்தபோதுதான் தடையின் கொடுமை வெளிப்பட்டது, அதுவும் தடை விதித்தவர் வீட்டில். சேருக்குக் கட்டுகஸ்தோட்டை போக நேரம் கிடைக்கும்வரை வீட்டில் எல்லோரும் செருமிச் செருமிக் குளித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஹுஸைன் வாசலில் ஒரு கெமரா பூட்டினார். ஊரில் நாலைந்து கடைகளில் கள்ளன் புகுந்திருந்தான், அதனால்தான். சேர் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தார். கெமராவின் கண் தன் வாசலையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதாக அவருக்குப் பட்டது. உடனே மதிலுக்கு மேலே தகரம் அடித்தார். மலைக்காற்றுக்கு அந்தத் தகரம் இரவெல்லாம் தடதடவென்று அடித்தது. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்த ஹுஸைன், தன் செலவில் மதிலை இரண்டு வரிசை கல்லால் உயர்த்தினார்.

"நானா செல்லுது, தகரம் அடிக்கிற சத்தத்துல மச்சானுக்கு நித்திர போகாதாம். அவருக்கு மறைப்பு வேணுமெண்டா மதில ஒசத்தித் தாறேனெண்டு ஒசத்தினாராம்" என்றாள் றலியா.

"பிரசாரம்!" என்றார் சேர். "எல்லா நாடும் அப்பிடித்தான் செல்லும், ஒன்ட நன்மைக்குத்தான் எண்டு." எழுந்துபோய், புதுக் கல்லுக்கு மேலே தகரத்தை இன்னும் ஓர் அடி தூக்கி அடித்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதே கிழமை வகுப்பில் அவர் எடுத்த பாடம் பாதுகாப்புச் சிக்கல். ஒரு நாடு தன் பயத்துக்கு மதில் கட்டும்; அடுத்த நாடு அதைப் பார்த்துப் பயந்து தானும் கட்டும்; யாருக்கும் சண்டை பிடிக்க ஆசையில்லை, ஆனாலும் மதில் ஏறிக்கொண்டே போகும். சேர் அதை எவ்வளவு அழகாக விளக்கினார் என்றால், பின்வரிசை வாங்கில் தூங்குகிற பிரதீஸ்கூட எழும்பி உட்கார்ந்து, "அப்ப ஒராள் போய்க் கேட்டா முடிஞ்சிருமே சேர்?" என்றான். "உலக அரசியல் அவ்வளவு லேசில்ல மகன்" என்று சேர் அவனை உட்கார வைத்தார். ஊருக்குத்தானடி உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

நோன்பு மாதம் வந்தது. ஹுஸைன் வீட்டிலிருந்து வழக்கம்போலக் கஞ்சி வந்தது, மூடி போட்ட வாளியில். றலியா தொழுகையில் இருந்தாள். சேர் வாசலிலேயே வாளியைத் திருப்பி அனுப்பிவிட்டார், திறந்துகூடப் பார்க்காமல். கஞ்சி வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்புவதே மரியாதையில்லை. நாலு பேரீச்சம்பழமாவது போட்டு அனுப்புவார்கள். இவர் கஞ்சியோடேயே அனுப்பினார். அன்றைக்குத்தான் ஹுஸைனுக்கு மனசு முறிந்தது. "இனி அந்த மனிசன் வந்து வாயால கூப்பிடாம நான் அந்தப் படி மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். பிடிவாதத்தில் அந்தக் குடும்பத்துக்கு அல்லாஹ் ஒரு குறையும் வைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் இன்ஷிராவுக்கு மடவளையில் மாப்பிள்ளை சரிவந்தது. நிஸாம் என்று பெயர், மருந்துக்கடை வைத்திருக்கிற அமைதியான பொடியன். றலியாவின் குடும்பத்தில் ஒரு வழமை உண்டு. நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும்போது, பெண்ணின் தாய்மாமன்தான் வாசலில் கைபிடித்து உள்ளே கூட்டிவருவார். இப்ஹாமையும் அப்படித்தான் கூட்டிவந்தார்கள். இன்ஷிராவுக்கு ஒரே தாய்மாமன், ஹுஸைன். அவளுக்கு நடக்கப் பழக்கியவர், ஸ்கூட்டர் ஓட்டப் பழக்கியவர், விழுந்தபோது சேருக்குத் தெரியாமல் மருந்து கட்டியவர்.

"வாப்பா, மாமா வருவார்தானே?" என்று கேட்டாள் இன்ஷிரா.

"உரிய இராஜதந்திர வழிகள்ல அழைப்புப் போகும்" என்றார் சேர்.

றலியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள். "ஒரு விஷயம் செல்றேன், கேட்டுக்கொள்ளுங்க. எனக்கு உம்மாவும் இல்ல, வாப்பாவும் இல்ல. இந்த ஒலகத்துல எனக்கெண்டு ஈக்கிற ஒராள் நானா. அவர் கைபிடிச்சி வராட்டி எண்ட மகள்ட மாப்பிள்ள இந்தப் படி ஏறமாட்டார். நீங்க எந்தப் பொஸ்தகத்தப் பாத்தாலும் சரி." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சேருக்கு அது தெரிந்தது. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் தானாகப் போய் நிற்பதா? அது சரணாகதி.

உறவில் கலியாணம் சொல்வதென்றால் நேரில் போய் வாயால் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் பன்னிரண்டு எட்டு இருக்குமோ என்னவோ. சேர் என்ன செய்தார் தெரியுமா? அழைப்பிதழை எடுத்துக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினார். வகுப்பு நடக்கிற ஹோலின் சொந்தக்காரர் ராஜலிங்கம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நகரத்தில் கடை போட்டு முன்னுக்கு வந்தவர், எல்லோருக்கும் நல்லவர். நடுநிலை நாடு, தூது போக இவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று சேர் முடிவுகட்டியிருந்தார்.

"ஏன் சேர், பக்கத்து வீடுதானே? நீங்களே ஒரு எட்டு போயி சொல்லிப்புட்டா என்னாங்க?" என்றார் ராஜலிங்கம்.

"அது நேரடிப் பேச்சுவார்த்தை. அதுக்கு இன்னும் காலம் கனியல்ல. முதல்ல மூன்றாந் தரப்பு."

மூன்றாந் தரப்பு பாவம், வேலையை விட்டுவிட்டு அக்குறணைக்கு பஸ் ஏறியது. பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டிய கார்ட் இப்படிக் கண்டிவரை போய்ச் சுற்றிப்பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அடுத்த நாள் ராஜலிங்கம் அறிக்கை கொடுத்தார். "நல்லா கவனிச்சாரு சேர். டீ குடுத்தாரு, தித்திப்பா தொதல் குடுத்தாரு. கார்ட வாங்கி மேசையில வச்சாரு. 'கார்ட் கொண்டாந்த ஒங்களுக்கு மரியாத, கார்டுக்குப் பதில் இல்ல'ன்னாரு. கோவமா இல்லீங்க சேர். அழுதுருவாரோன்னு இருந்திச்சி."

"அது தந்திரம்" என்றார் சேர்.

"தந்திரமோ என்னமோ. அந்த மனுசன் மூக்க உறிஞ்சுனத நான் பார்த்தேங்க" என்றார் ராஜலிங்கம்.

கலியாண நாள் வந்துவிட்டது. பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. சேர் மகளைக் கொடுத்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கைலாகு கொடுத்து, எல்லோரும் ஆமீன் சொன்னபோது, முன் வரிசையில் ஹுஸைன் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் தும்மிக்கொண்டிருந்தார். சேர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையை முன்னால் விட்டுக்கொண்டு கூட்டம் வீட்டுக்கு வந்தது. கைபிடிக்க சேர் மாற்று ஏற்பாடு செய்திருந்தார். கடுகண்ணாவையிலிருந்து தன் பக்கத்துச் சித்தப்பா மகன் ஒருவரைத் தருவித்து, புதுச் சட்டை போட்டு நிறுத்தியிருந்தார். நேசநாடு.

நேசநாடு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஓர் அடி வைத்தது. வாசலில் றலியா நின்றாள். பட்டுச் சேலையும் பூவுமாக, இரண்டு கையையும் கதவு நிலைகளில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் மணப்பெண் உடுப்பில் இன்ஷிரா, எட்டி எட்டித் தெருவைப் பார்த்தபடி.

"நானா எங்க?"

"றலியா, ஆக்கள் பாக்கிறாங்க…"

"பாக்கட்டும். நான் செல்லிட்டேன்தானே."

மடவளையார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நடுமத்தியான வெயில். மாத்தளை ரோட்டில் வாகனங்கள் தேங்கி, ஹோர்ன் அடித்து ஊரைக் கூட்டின. மாப்பிள்ளை நிஸாமுக்கு நெற்றியிலிருந்து வியர்வை வடிந்தது. பாவம், ஒன்றும் கேட்காமல் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஆக்கிய சோறு ஆறிக்கொண்டிருந்தது. இப்ஹாம் சேர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். முற்றுகையைப் பற்றி அவருக்குத் தெரிந்த பாடமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே இருக்கிறவன் பட்டினி கிடப்பான் என்றுதான் எல்லாப் பாடத்திலும் இருந்தது. இங்கே வெளியே நிற்கிறவன்தான் சாகப்போகிறான்.

சேர் திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மதிலைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்கு நடந்தார்.

ஹுஸைனின் வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. கதவுக்கு நேரே ஒரு கதிரை. கதிரையில் ஹுஸைன். புது வெள்ளைச் சாரம், மடிப்புக் குலையாத சட்டை, தொப்பி, அத்தர் வாசம் வாசல்வரை. காலில் செருப்பும் போட்டிருந்தார். விடிந்ததிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்பதை முகமே சொன்னது.

சேர் வாசற்படியில் நின்றார். வலுச் சமநிலை, தேசிய நலன், தடுப்பாற்றல், எல்லாம் எந்தப் பக்கம் போயினவோ தெரியாது.

"மச்சான், வாங்க."

"எங்க?"

"ஊட்டுக்கு. ஒங்கட மருமகள்ட கலியாணம்."

ஹுஸைன் எழும்பினார். எழும்பியவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இத அண்டைக்கே வந்து செல்லியிருக்க ஏலாதா மச்சான்? இந்தா ஈக்கிற ஊடு" என்றார். அந்தப் பெரிய மனிசனின் குரல் உடைந்துவிட்டது. சேர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மதில் திருப்பத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வருவதைக் கண்டதும் றலியா கதவு நிலையிலிருந்து கையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். இன்ஷிரா, "மாமா!" என்று மணப்பெண் என்பதையும் மறந்து கத்தினாள். ஹுஸைன் நிஸாமின் கையைப் பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, படியேற்றி உள்ளே கூட்டிப்போனார். நேசநாட்டை யாரும் கவனிக்கவில்லை. அவர் புதுச் சட்டையோடு நேரே பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். மாப்பிள்ளையின் சஹனில் நிஸாம், அவருடைய வாப்பா, ஸமீம் ஹாஜியார், ராஜலிங்கம், இப்ஹாம் சேர். ஐந்து பேர். ஆறு பேர் சேராமல் சஹனில் கை வைக்கமாட்டார்கள். "இங்க ஒராள் குறையுது! ஒராள் வாங்க!" என்று பரிமாறுகிறவர் கத்தினார். மூலையில் ஒதுங்கி உட்காரப்போன ஹுஸைனை நாலு பேர் பிடித்து இழுத்துவந்து சேருக்கு நேரெதிரே இருத்தினார்கள்.

கெண்டியில் தண்ணீர் வந்தது, கை கழுவினார்கள். ஹுஸைன் கோழியை எடுத்தார். ஸமீம் ஹாஜியாருக்கு ஈரல். சம்பந்திக்கு நெஞ்சில் ஒரு துண்டு. ராஜலிங்கத்துக்கு இன்னொன்று. பிறகு கழுத்தை ஒடித்து, கவனமாக, எலும்பு சிதறாமல் எடுத்து, சேருக்கு முன்னால் சோற்றில் வைத்தார்.

ராஜலிங்கத்தின் கை பாதி வழியில் நின்றது. அடுத்த சஹனில் இருந்த ஸைத் கழுத்தை நீட்டிப் பார்த்தான். சேர் துண்டைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேல் எந்தக் கோட்பாடும் கேட்காத கேள்வி வாய்க்கு வந்துவிட்டது.

"மச்சான், எனக்கு மட்டும் எப்பவும் கழுத்தயே வெக்கிறீங்களே. ஏன்?"

ஹுஸைன் விளங்காமல் பார்த்தார். "ஏனெண்டா? நீங்கதானே சென்னீங்க."

"நானா?"

"மாப்பிள்ளையா வந்த அண்டைக்கு. இதே எடத்துல. எந்தத் துண்டு வேணுமெண்டு கேட்டேன். எனக்குக் கழுத்துதான் விருப்பமெண்டு சென்னீங்க. அண்டையிலேருந்து நான் அத ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. ஹாஜியார்க்கிட்ட வேணுமெண்டா கேளுங்க, அவர் எத்தன தரம் கேட்டீப்பார்!"

"கேட்டேன்தான்" என்றார் ஸமீம் ஹாஜியார் வருத்தத்தோடு. "எனக்குக் கழுத்தெண்டா உசிரு. 'அது மச்சான்ட பங்கு, தொடவாணாம்' எண்டுட்டான்."

சேருக்கு ஞாபகம் வந்தது. இருபத்தைந்து வயசு, புதுச் சாரம், சுற்றிவர முன்பின் தெரியாத பெரிய மனிசர்கள். கனத்த கையோடு ஒருவர் எது வேணுமென்று கேட்கிறார். கால் என்று கேட்டால் மாப்பிள்ளை பேராசைக்காரன் என்று நினைப்பார்களே என்ற வெட்கத்தில், யாருக்கும் வேண்டாத துண்டு எதுவென்று யோசித்து, கழுத்தென்று சொல்லிவிட்டார். அன்றும் அவருக்குக் கழுத்துப் பிடிக்காது. இன்றும் பிடிக்காது. ஒரு மனிசன் இத்தனை வருடமாக, கேட்டவர்களிடமெல்லாம் இல்லையென்று சொல்லிச் சொல்லி, அதை அவருக்காகக் காவல் காத்திருக்கிறான். அவர் அதற்குத் தகரம் அடித்திருக்கிறார். கஞ்சியைத் திருப்பியிருக்கிறார். சோதினைக்கு வராது என்று தான் துடைத்துத் துடைத்து விட்ட அந்த மூன்றாவது ஆள் எங்கேயோ இருந்து கெக்கட்டமிட்டுச் சிரிப்பதுபோல இருந்தது. சேருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

ஹுஸைன் அதற்குள் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பிவிட்டார். "மாப்பிள்ளைக்கு எந்தத் துண்டு?"

நிஸாம் தலையைக் குனிந்துகொண்டார். "எதெண்டாலும் பரவால்ல மாமா. எனக்கும்… கழுத்தே போதும்."

இப்ஹாம் சேர் சஹனுக்குக் குறுக்கே பாய்ந்து, மூன்று பேருடைய இறைமையை மீறி, மருமகனின் மணிக்கட்டைப் பிடித்தார். "வாணாம் மகன்! இந்த ஊட்டுல ஒருக்கா வாய் தவறிச் சென்னா அது மௌத்தாகும் வரைக்கும். வெக்கத்த விட்டுட்டு உண்மையச் செல்லுங்க. காலா, நெஞ்சா?"

நிஸாம் மிரண்டுபோய்ப் பார்த்தார். "…கால்" என்றார் மெல்ல.

"அல்ஹம்துலில்லாஹ்! காலக் குடுங்க அவருக்கு!"

சுற்றிவரச் சிரித்தார்கள். ஹுஸைன் மட்டும் சிரிக்கவில்லை. காலை மாப்பிள்ளைக்கு வைத்துவிட்டு, மெதுவாகச் சேரைப் பார்த்தார். அந்தப் பெரிய முகத்தில் ஏதோ ஒன்று விளங்க ஆரம்பித்திருந்தது. "அப்ப மச்சான்… நீங்க அண்டைக்கு வெக்கத்துலயா…?"

சஹனில் கோழியின் இன்னொரு கால் மீதியிருந்தது. நல்ல கொழுத்த கால். ஹுஸைனின் கை அதை நோக்கிப் போகப் பார்த்தது. சேர் அதைப் பார்த்தார். பிறகு கழுத்தை எடுத்து, ஒரு கடி கடித்து, எலும்பைச் சூப்பினார்.

"சும்மா இரிங்க மச்சான். எனக்குக் கழுத்துதான் விருப்பம். அந்தக் கால நீங்க எடுங்க."

ஹுஸைனின் முகம் விரிந்தது. காலை எடுத்துப் பாதியாகப் பிய்த்து, ஒரு பாதியை ராஜலிங்கத்தின் பக்கம் தள்ளினார். எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒரு சஹனில் இருக்கிறவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடியாமல் ஒருவரும் எழும்பக்கூடாது. மற்ற ஐந்து பேரும் முடித்துவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டு, சேருக்காகக் காத்திருந்தார்கள். கழுத்தென்றால் கொஞ்சம் நேரம் எடுக்கும்தானே.